வீட்டுக் கடனில் பின்னால் வந்து சேரும் செலவுகள்: பாலக்காட்டு எல்லையோரத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீடு வாங்குகிறவர்களுக்கும் கட்டுகிறவர்களுக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. வேலை கோவையிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும். நிலம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும். சம்பளக் கணக்கு தமிழ்நாட்டுக் கிளையில், ஆதாரம் என்று இங்கே சொல்லும் கிரயப் பத்திரத்தின் பதிவு கேரளத்துச் சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில். கடன் விண்ணப்பம் ஆங்கிலத்தில், வில்லேஜ் ஆபீஸ் சான்றுகள் மலையாளத்தில், கையெழுத்துப் போடுகிறவர் பள்ளியில் படித்ததோ தமிழில். இந்த இடைவெளியில்தான் பல ஆயிரம் ரூபாய், சில வேளை லட்சங்கள், சத்தமில்லாமல் கைமாறுகின்றன. நான் இரண்டு முறை வீட்டுக் கடன் வாங்கி, முதல் முறை நன்றாக ஏமாந்தவன். அதன்பின் அக்கம்பக்கத்தார் கடன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வரத் தொடங்கினார்கள். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன்.

வட்டி விகிதம் குறைவாக இருக்கும் இடத்தில் வாங்கினால் போதாதா?

போதாது, ஆனால் வட்டி முக்கியமில்லை என்றும் சொல்ல மாட்டேன். 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 8.5 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாய். அதே கடன் 8.75 சதவீதம் என்றால் தவணை 26,511 ரூபாய். மாதம் 476 ரூபாய் வித்தியாசம். கேட்கும்போது ஒன்றுமில்லை போலத் தோன்றும். 20 ஆண்டுகளில் அது 1,14,000 ரூபாயைத் தாண்டுகிறது.

ஆனால் விளம்பரப் பலகையில் இருக்கும் வட்டி, பிராசஸிங் கட்டணத்தையும் வக்கீல் கட்டணத்தையும் மதிப்பீட்டுக் கட்டணத்தையும் கடனோடு சேர்த்து விற்கப்படும் காப்பீட்டையும் காட்டுவதில்லை. 30 லட்சத்துக்கு அரை சதவீதம் பிராசஸிங் கட்டணம் என்றால் 15,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 17,700 ரூபாய் ஆகிறது. ‘பிராசஸிங் இலவசம்’ என்று சொல்லும் இடத்தில் அதே தொகை ‘நிர்வாகக் கட்டணம்’, ‘ஆவணக் கட்டணம்’ என்று வேறு பெயரில் வருகிறதா என்று கேட்டுவிட வேண்டும். கடன் அனுமதி கிடைக்காமல் போனால், அல்லது நாமே வேண்டாம் என்று விட்டுவிட்டால், முன்பணமாகக் கட்டியதில் எவ்வளவு திரும்பும் என்ற கேள்வியையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அப்படியானால் மொத்தச் செலவையும் ஒரே இடத்தில் பார்க்க வழி உண்டா?

உண்டு, பலர் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றை, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே, தர வேண்டும். கிளையில் ‘கேஎஃப்எஸ்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அதில் ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள்; அதற்கு ஏபிஆர் என்று பெயர். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது விளம்பர வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணை ஒப்பிடுங்கள். ஒருவர் 8.4 என்று சொல்லி ஏபிஆர் 8.9 ஆகவும், மற்றொருவர் 8.5 என்று சொல்லி ஏபிஆர் 8.6 ஆகவும் காட்டினால், இரண்டாமவரிடம் போவதே லாபம்.

அந்த உத்தரவில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அறிக்கையில் எழுதாத எந்தக் கட்டணத்தையும், கடன் வாங்குபவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், கடன் காலத்தின் எந்தக் கட்டத்திலும் வசூலிக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கோ வக்கீலுக்கோ என்று சொல்லி வங்கியே வசூலிக்கும் தொகைகளும் ஏபிஆர் கணக்கில் வர வேண்டும், தனியாகக் காட்டப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ரசீதும் தர வேண்டும். கொடுத்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாட்கள் செல்லும் என்பதால், ‘இன்றைக்கே கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வட்டி கிடைக்காது’ என்ற அவசரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கணக்குத் தெரிந்த ஒருவரை வைத்துப் படியுங்கள்.

அந்த அறிக்கையைத் தமிழில் கேட்கலாமா? இங்கே எல்லாம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும்தானே தருகிறார்கள்?

கேட்கலாம். அறிக்கை கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட வேண்டும், அதன் உள்ளடக்கத்தை அவருக்கு விளக்கிச் சொல்லி, புரிந்துகொண்டதாக ஒப்புதலும் வாங்க வேண்டும் என்று உத்தரவே சொல்கிறது. கிளை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது அங்கே கணக்கில்லை. புரிய வேண்டியவர் நீங்கள். மலையாளம் பேச வருகிறது என்பதற்காக மலையாளத்தில் அச்சடித்த நிதிச் சொற்களும் புரியும் என்று நாமே நினைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். கடைத்தெரு மலையாளமும் கடன் ஒப்பந்த மலையாளமும் வேறு வேறு. விண்ணப்பம் கொடுக்கும்போதே ‘முக்கிய விவர அறிக்கை தமிழில் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரையை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். நான் அறிந்தவரை, எழுத்தில் கேட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் கிடைத்திருக்கிறது. வாயால் கேட்டவர்களுக்கு ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான் கிடைத்தது.

கடனோடு காப்பீடு எடுப்பது கட்டாயமா?

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் கடனுக்காக நான் போன கிளையில் மேசைமேல் ஏறத்தாழ நாற்பது பக்கக் கட்டு ஒன்று வைக்கப்பட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. ஒவ்வொரு குறியிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். நடுவே ஒரு தாள் மட்டும் வேறு நிறத்தில், வேறு நிறுவனத்தின் பெயரோடு இருந்தது. ‘இது என்ன?’ என்று கேட்டேன். ‘எல்லாருக்கும் போடறதுதாங்ணா, லோனுக்கு பாதுகாப்பு’ என்றார் எதிரே இருந்த இளைஞர். கடன் 18 லட்சம். முதல் மாதக் கணக்கு விவரம் வந்தபோது அசல் 18,84,000 ரூபாய் என்று இருந்தது. 84,000 ரூபாய் ஒரே தவணைப் பிரீமியமாக எடுக்கப்பட்டு, அதுவும் கடனோடு சேர்க்கப்பட்டிருந்தது. 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்கு அந்த 84,000 ரூபாய்க்கு மட்டும் மாதம் 729 ரூபாய் தவணை ஆகிறது. கடைசியில் கட்டி முடிக்கும் தொகை 1,75,000 ரூபாய்.

வீட்டுக் கடன் வாங்க ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியும் இல்லை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியும் இல்லை. குடும்பத்தில் ஒருவர் சம்பாத்தியத்தை நம்பியே தவணை ஓடுகிறது என்றால் காப்பீடு நிச்சயம் தேவை. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அதை வெளியே தனியாக, ஆண்டுப் பிரீமியம் கட்டும் டேர்ம் பாலிசியாக எடுத்தால், கடனுக்கு வட்டி கட்டுவது போலப் பிரீமியத்துக்கும் வட்டி கட்ட வேண்டியிராது; கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாலிசி உங்களோடு இருக்கும். கடனோடு ஒட்டிய பாலிசிகளில் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகை கடன் குறையக் குறையத் தானும் குறைந்துகொண்டே வரும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசி ஆவணம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். சிறு கழிவுகள் போகப் பிரீமியம் திரும்பும். கடனை முன்கூட்டியே முடிக்கும்போது மீதிக் காலத்துக்கான பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்புமா என்றும் பாலிசியில் பாருங்கள். கேட்காதவர்களுக்கு அது வருவதில்லை.

கட்டடத்துக்கான தீ, வெள்ளக் காப்பீடு வேறு. அதைக் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வைப்பது வழக்கம், செலவும் குறைவு. ஆனாலும் எந்த நிறுவனத்தில் எடுப்பது என்று தேர்ந்தெடுக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். காப்பீடு கட்டடத்தின் மதிப்புக்குத்தான் வேண்டும். நிலத்தின் மதிப்பையும் சேர்த்துப் போட்டிருந்தால் அது வீண் பிரீமியம்.

கையில் எவ்வளவு பணம் இருந்தால் வீடு வாங்க இறங்கலாம்?

‘90 சதவீதம் வரை கடன்’ என்ற வாசகத்தை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் பதிவு நாளன்று கைமாற்றுக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு இது: 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கணக்கை ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். பாலக்காடு மாவட்டத்தில் 40 லட்சம் ரூபாய்க்கு வீடு. அதிகபட்சக் கடன் 32 லட்சம்; மீதி 8 லட்சம் உங்களுடையது. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; ஆக 4 லட்சம். இதுவும் உங்களுடையது. வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சித் தாலுகாவில் இருந்தால் தமிழ்நாட்டுக் கணக்கு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2; ஆக 3,60,000. பதிவுக் கட்டணம் அங்கே முன்பு 4 சதவீதமாக இருந்து 2023 ஏப்ரலில் 2 ஆனது. அதே வேளையில் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டதால் குறைந்த செலவில் பெரும் பகுதி மறுபடி ஏறிவிட்டது. கேரளத்திலும் 2023 ஏப்ரலில் நியாய விலை, அதாவது நிலத்துக்கான அரசு மதிப்பு, 20 சதவீதம் உயர்த்தப்பட்டது. நீங்கள் பேசிய விலை அரசு மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், தீர்வை அரசு மதிப்பின்மேல்தான் கணக்காகும்.

இத்தோடு வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு 36 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டால், கடன் அந்த 36 லட்சத்தின்மேல் கணக்காகும். பள்ளம் இன்னும் பெரிதாகும். எனவே விற்பவருடன் ஒப்பந்தம் எழுதும்போது, கடன் அனுமதி குறைந்தால் முன்பணம் திரும்பும் என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதாரம் எழுதுகிறவரின் கூலி, கேரளத்தில் போக்குவரவு எனப்படும் பெயர் மாற்றச் செலவு, 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது வீடு என்றால் வருவாய்த் துறைக்குக் கட்டும் ஒருமுறைக் கட்டட வரி ஆகியவையும் உண்டு.

வேலையும் வங்கிக் கணக்கும் தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில். இதனால் தனியாக என்ன செலவு வரும்?

முதலில் வக்கீல். தமிழ்நாட்டுக் கிளையின் வக்கீல் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்ற வரிசையில் பழகியவர். கேரளத்து ஆதாரம், முன்னாதாரம் (முந்தைய பத்திரம்), கரம் அடைத்த ரசீது (நில வரி ரசீது), கைவசச் சான்று, பாத்யதா சர்ட்டிபிகேட் (வில்லங்கச் சான்று), தண்டப்பேர் (வருவாய்த் துறையின் நிலக் கணக்கு) ஆகியவற்றைப் படித்துக் கருத்துரை தர இங்குள்ள வக்கீல் ஒருவரை அவர்கள் அமர்த்துவார்கள். சில வேளை இரண்டு வக்கீல்களுக்கும் கட்டணம் உங்கள் தலையில் விழும். மதிப்பீட்டாளரின் பயணச் செலவும் அப்படியே. எனவே நிலம் இருக்கும் பக்கத்துக் கிளையில் கடன் வாங்குவதும் சம்பளக் கணக்கிலிருந்து தவணை பிடிக்க ஏற்பாடு செய்வதும் மலிவு. ஒரே வங்கியின் கிளை இரு பக்கமும் இருந்தால் பேசுவது இன்னும் சுலபம்.

அடுத்தது பழைய ஆவணங்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்த் தாலுகா பழைய கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. பாலக்காடும் ஆலத்தூரும் மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தவை. பாட்டன் காலத்து ஆதாரத்தைத் தேடிப் போகும்போது இந்த வரலாறு அலைச்சலாக மாறும். கேரளத்தில் 1970 ஜனவரி 1 அன்று குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் குத்தகைதாரருக்கு லேண்ட் டிரிபியூனல் கொடுத்த பட்டயம்தான் பல நிலங்களுக்கு மூல ஆவணம். அது தொலைந்துபோயிருந்தால் சான்றிட்ட நகல் எடுக்காமல் வக்கீல் ஒப்புதல் தர மாட்டார். பிராசஸிங் கட்டணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, இங்குள்ள வக்கீல் ஒருவரிடம் சொந்தச் செலவில் ஆவணங்களை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

மூன்றாவது, அடமானப் பதிவு. உரிமைப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கு எழுதும் ஆவணத்தை எம்ஓடி என்பார்கள். தமிழ்நாட்டில் அதற்குக் கடன் தொகையில் 0.5 சதவீதம் முத்திரைத் தீர்வை உண்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு. அதன்மேல் பதிவுக் கட்டணம். கேரளத்து விகிதம் வேறு. பத்திர ஒப்படைப்பு எந்த மாநிலத்தில் நடக்கிறது, அங்கே தீர்வை எவ்வளவு, அதைக் கட்டுவது யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவேட்டில் அடமானத்தைப் பதிய, 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு 100 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான். அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அங்கேயே விரலை வையுங்கள்.

ஆதாரத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருக்கிறது. அதனால் என்ன?

தமிழ்நாட்டுக்காரர்கள் இதில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். நமக்கு நிலம் என்றால் எல்லா மண்ணும் நிலம். கேரள வருவாய் ஆவணத்தில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டத் தகுந்தது ‘புரயிடம்’. சித்தூர்த் தாலுகாவில் வயல் மிகுதி. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தென்னை நின்று வருடக்கணக்கான மேட்டு மண்ணாக இருந்தாலும், ஆவணத்தில் நிலம் என்று இருந்தால் வகை மாற்றாமல் பெரும்பாலும் கட்டட அனுமதியும் கிடைக்காது, கடனும் கிடைக்காது. டேட்டா பேங்க் எனப்படும் பதிவேட்டில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. அதில் இருந்தால் பாதை நீளம். இல்லையென்றால் வகை மாற்ற விண்ணப்பிக்கலாம். 25 சென்ட் வரை கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு, அதைத் தாண்டினால் நியாய விலையின் அடிப்படையில் கட்டணம் விழும். சென்ட் விலை மலிவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் கரம் அடைத்த ரசீதில் வகை என்ன என்று பாருங்கள்.

கடன் வாங்கித் தரும் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். வங்கியின் முறையான ஏஜென்டுக்கு வங்கியே கமிஷன் தருகிறது. உங்களிடமும் ஒரு சதவீதம் கேட்கிறவரை ஏஜென்ட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீடு கட்டி முடியும் வரை வட்டி எப்படிக் கணக்காகும்?

கட்டுமானக் கடன் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக வரும். அதுவரை பெற்ற தொகைக்கு மட்டும் வட்டி கட்டிவந்தால் அதைப் பிரீ-ஈஎம்ஐ என்பார்கள். 10 லட்சம் வாங்கியிருந்தால் 8.5 சதவீதத்தில் மாதம் 7,083 ரூபாய். இதில் ஒரு ரூபாய்கூட அசலில் கழியாது. மேஸ்திரி ஆறு மாதம் இழுத்தால் 42,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். கூடவே குடியிருக்கும் வீட்டு வாடகையும் ஓடும். முடிந்தால் முதலிலிருந்தே முழுத் தவணை கட்டும் வழியைக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

கட்டிய வீட்டை வாங்குகிறவர்களுக்கு வேறொரு கசிவு. விற்பவர் பெயரில் டிடி எடுத்து வங்கி தன் அலமாரியில் வைத்திருக்கும். பதிவு பத்து நாள் தள்ளிப்போகும். வட்டி டிடி எடுத்த நாளிலிருந்தே ஓடும். பணம் உண்மையில் கைக்குப் போகும் முன் வட்டி போடுவது முறையல்ல என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று எழுதிய சுற்றறிக்கையில் கண்டித்திருக்கிறது. பதிவு நடந்த தேதியையும் முதல் வட்டி தொடங்கிய தேதியையும் கணக்கு விவரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரெப்போ குறைந்தது என்று செய்தியில் சொல்கிறார்கள். என் தவணை குறையவில்லையே?

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலுடன் கட்டப்பட்டவை. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். அதற்கு முந்தைய கடன் என்றால் எம்சிஎல்ஆர், பேஸ் ரேட் என்ற வங்கியின் உள் அளவுகோலில் நின்றுகொண்டிருக்கும். வீட்டுக் கடன் நிறுவனங்களோ தங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கும்; புதியவர்களுக்கு ஒரு வட்டி, பழையவர்களுக்கு ஒரு வட்டி என்பது அங்கே சாதாரணம். ஒருமுறை மாற்றுக் கட்டணம் கட்டிக் குறைந்த வட்டிக்கு மாறலாம். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஏறும்போது நடப்பதையும் பாருங்கள். மேலே சொன்ன 30 லட்சம் கடனில் வட்டி 8.5-லிருந்து 9.5 ஆகி, தவணை 26,035 ரூபாயிலேயே நின்றால், 240 மாதக் கடன் ஏறக்குறைய 308 மாதமாக நீளும். தவணை மாறாததால் வீட்டில் யாருக்கும் உறைக்காது. ஐந்தரை ஆண்டுக்கு மேல் கூடியிருக்கும். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 உத்தரவின்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. நிலை வட்டிக்கு, அதாவது மாறாத வட்டிக்கு, போகும் வாய்ப்பும் தர வேண்டும் என்று அதில் இருந்தது; 2025 அக்டோபர் முதல் அதைத் தருவது வங்கியின் விருப்பம். அதற்கான கட்டணத்தை அனுமதிக் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா?

தனிநபர் பெயரில், வியாபாரத்துக்கு அல்லாமல் வாங்கிய மாறும் வட்டிக் கடனுக்கு இல்லை. வங்கிகளுக்கு 2012 ஜூனிலேயே இது தடுக்கப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் இன்னும் விரிவானவை. நிலை வட்டிக் கடனுக்கு இருக்கலாம். முதல் சில ஆண்டு நிலை வட்டி, பிறகு மாறும் வட்டி என்ற கலப்புக் கடனில், பணம் கட்டும் நாளில் எந்த வட்டியில் இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. தேங்காய்ப் பணமோ போனஸோ வரும்போது அசலில் கட்டிவிடுங்கள், ஆனால் ‘தவணை மாறாமல் காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள்.

குறைந்த வட்டிக்காக வேறு வங்கிக்கு மாற்றலாமா?

மாற்றும்போது பிராசஸிங், வக்கீல், மதிப்பீடு, எம்ஓடி எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தமிழ்நாட்டில் 25 லட்சம் பாக்கிக்கு எம்ஓடி தீர்வை மட்டும் 12,500 ரூபாய். முதலில் இருக்கும் வங்கியிடமே வட்டியைக் குறைக்கக் கேளுங்கள். கடன் கடைசி ஐந்து ஆண்டில் இருந்தால் பெரும்பாலும் மாற்றுவது வீண்.

சர்வீஸ் சகரண பேங்கில் (கூட்டுறவு வங்கியில்) வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?

தெரிந்த முகங்கள், விரைவான அனுமதி என்ற வகையில் உண்மைதான். ஆனால் கேரளத்தின் பிராதமிக (தொடக்கநிலை) சகரண சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லை; முக்கிய விவர அறிக்கை விதியும் ஆம்புட்ஸ்மன் எனப்படும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகும் வழியும் அவற்றுக்குப் பொருந்தாது, புகார் என்றால் கூட்டுறவுத் துறையிடம்தான் போக வேண்டும். 2019-இல் மாவட்ட சகரண வங்கிகளை இணைத்து உருவான கேரளா பேங்க் வேறு. அது ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டது. சகரண சங்கத்தில் அடமானம் ‘கஹான்’ என்ற முறையில் பதிவாகும். அதன் கட்டணம், கடனுக்காக வாங்க வேண்டிய உறுப்பினர் பங்கு, அந்தப் பங்குப் பணம் எப்போது திரும்பும் என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தவணை தவறினால்?

2024 ஏப்ரலிலிருந்து புதுக் கடன்களுக்கு அபராத வட்டி போடக் கூடாது. நியாயமான அபராதக் கட்டணம் மட்டும் போடலாம், அதன்மேல் வட்டி ஏறக் கூடாது. தவணை திரும்பினால் சம்பளக் கணக்கு வங்கியும் கடன் கொடுத்த வங்கியும் ஆளுக்கொரு கட்டணம் பிடிக்கும். தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு ஐந்து நாள் தள்ளி வையுங்கள்.

விற்பவர் கல்ஃபில் இருக்கிறார். அதில் ஏதாவது உண்டா?

உண்டு. இந்தியாவில் வசிப்பவரிடம் வாங்கினால் 50 லட்சம் முதல்தான் ஒரு சதவீத டிடிஎஸ், அதாவது வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. விற்பவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 50 லட்ச வரம்பு கிடையாது, விகிதமும் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும். ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த இடத்தில் செலவே இல்லை.

சொல்லாத கட்டணத்தைப் பிடித்துவிட்டார்கள். எங்கே போவது?

முதலில் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். என் 84,000 ரூபாய்க்கு நான் போகவில்லை. கெடு தாண்டிய பிறகே எனக்கு விவரம் தெரிந்தது.

கடன் முடிந்த பிறகும் செலவு உண்டா?

கொஞ்சம் உண்டு. முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் எல்லா மூல ஆவணங்களையும் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆவணங்களைக் கடன் கொடுத்த கிளையில் வாங்குவதா, ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்தில் வாங்குவதா என்று தேர்ந்தெடுக்கலாம் என்பது நம்மைப் போன்று எல்லை தாண்டிக் கடன் வாங்கியவர்களுக்கு வசதி.

தமிழ்நாட்டில் எம்ஓடி பதிந்திருந்தால் அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கஹான் என்றால் சங்கம் அதை ஒழித்துத் தர வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்கு, பிள்ளை கல்யாணத்துக்கு இடம் விற்கப் போகும்போது, என்றோ அடைத்த கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். என் இரண்டாவது கடன் முடிந்தபோது, ஆவணம் ஒப்படைத்த நாளில் வாங்கிவைத்த பட்டியலை எடுத்துக்கொண்டு போய், முன்னாதாரத்தின் ஒவ்வொரு தாளையும் கிளை மேசையிலேயே எண்ணினேன். ஒரு தாள் குறைந்தது. அதே அலமாரியில், பக்கத்து வீட்டுக்காரரின் உறைக்குள் இருந்தது.